இலங்கையில் வழக்கிடும் தகைமையின் வளர்ச்சி: திருகோணமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பிணக்கை நீதிமன்றத்தின் முன் வைப்பதற்கு ஒருவருக்குள்ள உரித்தே வழக்கிடும் தகைமை எனப்படும். இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தன் உரிமை மீறப்பட்டவரே வழக்காளியாக வரவேண்டும் என்னும் அடிப்படையில் எழுந்தது. ஒரே நலனுடையோர் பலராயின் அவர்களுள் ஒருவர் மன்றின் அனுமதியோடு அனைவருக்காகவும் வழக்காடலாம் என்ற 16ஆம் பிரிவு அதில் ஒரு சிறு விலக்காக அமைந்தது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் தாமாகவோ தம் சார்பில் ஒரு சட்டத்தரணி மூலமாகவோ ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்றது. அம்மன்றம் இருப்பதோ கொழும்பில். போர்க்காலத்தில் திருகோணமலை மாவட்டத்தின் பாலையூற்றிலோ மூதூரிலோ ஒருவர் தடுத்துவைக்கப்பட்டால், சிறையிலிருப்பவர் தாமே மனுதாரராக வேண்டும். இல்லையேல் அவருடைய குடும்பத்தார் 250 கிலோமீற்றருக்கும் அப்பால் சென்று ஒரு சட்டத்தரணியைத் தேடவேண்டும். காவலிலிருந்த கணவனுக்காக மனைவி தொடுத்த மனுவொன்றை 1990இல் பெரும்பான்மை நீதியரசர்கள் உறுப்புரையின் சொற்களைக் காட்டி ஏற்க மறுத்தனர். நீதியரசர் குலதுங்க அதற்கு உடன்படவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமோ 1981இலேயே, எஸ்.பி. குப்தா வழக்கில், நலிந்தோருக்காகப் பிறர் வழக்கிடலாம் என்று தீர்த்திருந்தது.

தளர்வு மெல்லவே வந்தது. வறியவரின் முறைசாராக் கடிதத்தையும் கவனத்திற் கொள்ள 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் இடமளித்தன. காவலில் இறந்தவரின் மனைவி வழக்கைத் தொடரலாம் என்று 2002இல் ஏற்கப்பட்டது. எப்பாவல பொசுபேற்று அகழ்வை எதிர்த்து அவ்வூரார் தொடுத்த வழக்கில், இது பொதுநல வழக்கு என்னும் ஆட்சேபத்தை 2000இல் நீதியரசர் அமரசிங்க நிராகரித்து, பலரோடு பகிரப்படுவதனால் ஒருவரின் தனி உரிமை இல்லாமற் போகாது என்ற கருத்தை நிலைநாட்டினார். பிந்திய தீர்ப்புகளுக்கெல்லாம் வேர் இதுவே எனலாம்.

இத்தளர்வின் மறுபக்கத்தைத் திருகோணமலை கண்டது. வடக்கு, கிழக்கு மாகாணங்களை 1988இல் இணைத்த பிரகடனங்களைக் கிழக்கில் வாழ்ந்த மனுதாரர்கள் 2006இல் எதிர்த்தபோது, ஒரு மாதக் காலவரையறை பதினெட்டு ஆண்டுத் தாமதத்துக்குத் தடையாகவில்லை. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் ஆயம், உரிமை மீறல் தொடர்கிறது எனக் கொண்டு, 2006 ஒக்டோபர் 16 அன்று இணைப்பைச் செல்லாததாக்கியது. இணைந்த மாகாண சபையின் இருப்பிடமாக இருந்த நகரின் அரசியல் நிலையே அத்தீர்ப்பால் மாறியது. தனியொருவரின் துயருக்குக் கடுமையாக நின்ற விதி, ஒரு மாகாணக் கட்டமைப்பைக் கலைக்குமிடத்து இத்துணை நெகிழ்ந்தமை ஆய்வாளர் எளிதில் கடந்துசெல்லக் கூடியதன்று.

அதே மாவட்டத்தின் சம்பூர் மக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்தனர். 2007 மே மாத வர்த்தமானி அறிவித்தல் அவர்களது நிலத்தை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடக்கியது. பின்னர் அங்கு 500 மெகாவாற்று அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டபோது, அதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது என்வயரன்மென்டல் பவுண்டேஷன் என்னும் கொழும்பு நிறுவனம். கம்பனியும் சட்டத்தின் முன் ஓர் ஆளே என்பதைக் காலிமுகத்திடல் வழக்கில் 2005இலேயே நிலைநாட்டிய நிறுவனம் அது. நிலையம் சம்பூரில் அமைக்கப்படாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் மன்றுக்கு அறிவித்தார். எனினும் பிறர்க்காக வழக்கிடும் பொது உரிமை 126ஆம் உறுப்புரையில் எழுதப்படாமையால், அது இன்னும் நீதியரசர்களின் விளக்கத்தையே நம்பியிருக்கிறது.