பரலோக மந்திரத்தில் ஒரு சொல்

பரலோக மந்திரத்தை அறியாத கத்தோலிக்கர் இல்லை. மழலைப் பருவத்திலேயே மனனமாகிவிடும் அச்செபத்தில், பொருள் எளிதிற் பிடிபடாத சொல்லொன்று உண்டு என்றாற் பலர் வியப்புறுவர். அப்பத்தை வேண்டும் இடத்தில் அதற்கு அடையாக நிற்கும் சொல்லே அது. தமிழில் அது 'அனுதின' என்றும் 'அன்றாட' என்றும் வழங்கும். கிரேக்க மூலத்திலோ அது 'எபியூசியோஸ்'.

மூன்றாம் நூற்றாண்டிலே செபத்தைப் பற்றி நூலெழுதிய ஒரிஜன், அலெக்சாந்திரியாவிற் கிரேக்கத்திலேயே கற்று வளர்ந்தவர். அவரே, இச்சொல் அறிஞர் நூல்களிலும் இல்லை, பாமரர் வழக்கிலும் இல்லை; நற்செய்தியாளர் ஆக்கிக்கொண்டது போலும் என்று கூறிவிட்டார். சொல்லைப் பிரித்து நோக்கின் இரு வழிகள் தோன்றும். 'உள்பொருள்' எனப்படும் 'ஊசியா'விலிருந்து பிறந்ததெனின், உயிர் நிலைபெறுதற்கு வேண்டிய அப்பம், அன்றேல் பொருளனைத்துக்கும் மேலான அப்பம் ஆகும். 'வரும் நாள்' என்ற வழக்கிலிருந்து பிறந்ததெனின், நாளைய அப்பம் ஆகும்.

382ஆம் ஆண்டளவிற் பாப்பரசர் தமாசுஸின் பணிப்பால் பழைய இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தப் புகுந்த புனித எரோணிமு, இவ்விடத்தில் விந்தையானதொரு காரியஞ் செய்தார். மத்தேயுவிலும் லூக்காஸிலும் கிரேக்கச் சொல் ஒன்றே. அவரோ மத்தேயுவில் அதனைப் 'பொருளுக்கு மேற்பட்ட' எனப் பெயர்த்தார். லூக்காஸில் 'நாளாந்த' என்னும் பழைய சொல்லையே வைத்தார். பின்னர் மத்தேயுவுக்கு வரைந்த உரையிலே, எபிரேயர் நற்செய்தி எனப்பட்ட நூலில் 'நாளைய' எனப் பொருள்படும் 'மாகார்' என்ற சொல் இருந்ததெனவும் குறித்தார். ஆக, ஒருவரிடமே மூன்று பொருள்! கற்றோர்க்கு இஃது இழுக்கன்று.

வழிபாடு அவருடைய புதுச்சொல்லை ஏற்கவில்லை. திருப்பலியிலே இச்செபம் மத்தேயுவின் வாசகத்தைத் தழுவியே செல்லும். இங்கு மட்டும் 'நாளாந்த' என்பதே நிலைத்தது. கிழவியரும் குழந்தைகளும் நாவாற் பழகிய சொல்லைப் பேரறிஞரின் எழுதுகோலும் அசைக்க முடியவில்லை.

அவ்வப்பம் வயிற்றுக்குரியதா, நற்கருணையா? பசித்திருப்பவனுக்கு இது வெறும் இலக்கண வினாவன்று. மலைப்பொழிவுக்கு உரை கண்ட புனித அகுஸ்தீன், 'இன்று' என்ற மற்றச் சொல்லையும் சேர்த்து எடை போட்டார். வயிற்றுணவெனின், எதை உண்போமெனக் கவலற்க என்ற போதனையோடு முரணாதோ? நற்கருணையெனின், கீழ்த்திசையார் பலர் அதனை நாடோறும் உட்கொள்வதில்லையே! அன்றியும், காலையில் உட்கொண்டவன் மாலையில் இதே செபத்தைச் சொல்லும்போது 'இன்று தாரும்' எனக் கேட்பது எங்ஙனம்? ஆதலின் இறைவாக்கே அவ்வப்பம் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். எனினும் மூன்றையும் ஒருங்கே கொள்ளவும் இடம் விட்டார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் நாளாந்தத் தேவை, உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது, வாழ்வின் அப்பம் எனப் பல பொருள்களையும் விலக்காது வைத்திருக்கிறது.

இடையிலே ஒரு நம்பிக்கை எழுந்தது. எகிப்தின் பயூம் பகுதியிற் கிடைத்த பழைய செலவுக் கணக்கொன்றில் இச்சொல் காணப்படுவதாக 1889இல் வெளியிட்டனர். 'அன்றாடப் படி' என்பதே பொருளென்று பலர் தெளிந்தனர். ஏடோ காணாமற் போயிற்று. 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அது மீண்டும் அகப்பட்டது. உற்றுப் படித்தோர் மறு ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, அங்கே எழுதியிருந்தது 'எண்ணெய்' என்னும் சொல்.