ஈடிப்பஸும் கத்ரும் கொட்டியாரக் குடாவும்

க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்த பிள்ளைகளுக்குக் கிரேக்க அரங்கு படிப்பிக்கும்போது, வருடா வருடம் நாங்கள் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்வோம். சோபோக்கிளிஸின் ஈடிப்பஸ் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, 'பிழை யாருடையது?' என்று கேட்போம். பின்வாங்கிலிருந்து பதில் வரும்: "அது அவன்ட கத்ர் சேர். எழுதினது நடந்திருக்கு." அதோடு பாடம் முடிந்தது. மற்றவர்கள் கொப்பியை மூடத் தொடங்கிவிடுவார்கள்.

ஈமானின் அம்சங்களில் ஒன்று கத்ர். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று சின்ன வயதில் மனனம் செய்த பிள்ளையிடம் 'இல்லை, இது வேறு' என்று சொல்ல எங்களுக்கே தயக்கம்தான். ஆனால் அதே பிள்ளைதான் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது "கிடைக்கிறது கிடைக்கும் சேர்" என்று சொல்லிவிட்டு வாப்பாவின் தோணியில் ஏறிக் கடலுக்குப் போகிறான். ஆகவே இது எங்களுக்கு வெறும் நாடகப் பாடம் இல்லை.

இந்தத் தடுமாற்றம் எங்களோடு தொடங்கியதும் இல்லை. அரிஸ்டாட்டில் துன்பியலைப் பற்றிப் பேசும் 'கவிதையியல்' 10ஆம் நூற்றாண்டிலேயே அரபுக்கு வந்துவிட்டது. சிரிய மொழியிலிருந்து பெயர்த்தவர் அபூ பிஷ்ர் மத்தா. மேடை என்ற ஒன்றைக் காணாமல் செய்த மொழிபெயர்ப்பு அது. துன்பியலுக்கு 'மத்ஹ்', அதாவது புகழ்ப்பா என்றும், இன்பியலுக்கு 'ஹிஜா', அதாவது வசைப்பா என்றும் சொல் போட்டார். பின்னர் குர்துபாவின் இப்னு ருஷ்த் (1126–1198) அந்த நூலுக்கு உரை எழுதியபோது அவர் கையிலும் அந்தச் சொற்கள்தான் இருந்தன. அரபுக் கவிதையிலும் குர்ஆனிலும் உதாரணம் தேடினார். அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்த மனிதர், ஒரு நாடகம் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் கூத்தாவது பார்த்திருக்கிறார்கள்.

சோபோக்கிளிஸை அரபியில் தந்தவர் எகிப்தின் தாஹா ஹுஸைன், 1939இல். பத்து வருடம் கழித்து, 1949இல், ஒரே ஆண்டில் இரண்டு அரபு ஈடிப்பஸ் வந்தன. ஒன்று தவ்பீக் அல் ஹகீம் எழுதியது. மற்றது அலி அஹ்மத் பாகதீர் எழுதியது. இவர் இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஹழ்ரமவ்த் பெற்றோருக்குப் பிறந்தவர். மனிதனோடு விளையாடும் தெய்வங்களை இருவராலும் அப்படியே ஏற்க முடியவில்லை. அல் ஹகீம், குறி சொல்லும் டைரேசியஸை அரியணைக்கு ஆள் பிடிக்கும் சூழ்ச்சிக்காரனாக்கினார். பாகதீர் இன்னும் ஒரு படி போய், அசரீரியே கோயில் சொத்துக்காகத் தலைமைப் பூசாரி கட்டிய பொய் என்றார்.

இதைச் சொன்னதும் வகுப்புக்கு நல்ல சந்தோஷம். "அப்ப விதியே இல்ல, பூசாரிதான் கள்ளன்!" எங்களுக்கு அந்த முடிவில் அவ்வளவு திருப்தி இல்லை. கள்ளனைப் பிடித்தால் கதை துப்பறியும் கதையாகிவிடும். ஒரு மாணவி கேட்டாள்: "பூசாரி செஞ்சா ஈடிப்பஸ் அவரோட கோவிக்கலாம். மற்றக் கதையில அவன் யாரோட கோவிக்கிற?" இவ்வளவு வருடத்தில் நாங்கள் கேட்ட கேள்விகளில் இதுதான் பெரிய கேள்வி.

அந்தக் கேள்வியோடு நாடகத்தை மறுபடி எடுத்தோம். அசரீரி சொன்னது இரண்டே விஷயம்: தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான். முச்சந்தியில் வழிவிடாத கிழவரோடு கோபப்படு என்று அது சொல்லவில்லை. நாடகம் தொடங்கும்போது அந்த இரண்டும் நடந்து முடிந்து வருடங்களாகிவிட்டன. நாங்கள் மேடையில் காண்பது விசாரணையை மட்டும். ஜொகாஸ்டா 'போதும், விட்டுவிடு' என்று மன்றாடுகிறாள். அவன் விடவில்லை, ஏனென்றால் ஊர் கொள்ளைநோயில் சாகிறது. தெரிந்துகொள்வது என்று அவனே எடுத்த முடிவு அது. கண்களைக் குத்திக்கொண்டதும் எந்த அசரீரியிலும் இல்லை.

கொள்ளைநோய் என்றதும் அம்வாஸ் ஞாபகம் வரும். ஹிஜ்ரி 18இல் ஷாமை அழித்த நோய். கலீஃபா உமர் (ரழி) வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்க, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அபூ உபைதா தம் படையோடு ஷாமிலேயே நின்று அந்த நோயில் வபாத்தானார்கள். இருவருக்கும் ஒரே ஈமான். முடிவுகள் இரண்டு. பின்வாங்கு அன்று கொஞ்சம் அமைதியானது.

எங்கள் ஊரிலும் ஒரு கதை இருக்கிறது. 1660இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவர் ரொபர்ட் நொக்ஸைக் கரையில் பிடித்தார்கள். அதே பெயருள்ள 19 வயது மகனும் அகப்பட்டான். புளியமரத்தடி நினைவுக்கல் மூதூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. மகனைச் செய்தியோடு கப்பலுக்கு அனுப்பினார்கள். அங்கேயே நின்றிருந்தால் அவன் தப்பியிருப்பான். வாப்பாவிடம் திரும்பி வந்தான். அடுத்த வருடம் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போய்ச் சேர்ந்தது 1679இல். எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வந்தது. (அதே நொக்ஸ் பிறகு மடகஸ்காருக்கு அடிமைகள் வாங்கக் கப்பல் ஓட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.)

'கரைக்குத் திரும்பியது கத்ரா, தெரிவா?' என்று கட்டுரை கொடுத்தோம். அந்த மாணவி நொக்ஸைப் பற்றி எழுதவே இல்லை. 2006 ஆகஸ்ட்டில் ஊரே கந்தளாய் நோக்கிப் போன நாளில், விட்டுவந்த சாமான் எடுத்துவர மாமாவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது அவளுடைய உம்மா. அவர் திரும்பி வரவில்லை. 'கத்ர்' என்ற சொல் இல்லாவிட்டால் உம்மாவுக்கு இன்றைக்கும் நித்திரை வராது என்று எழுதியிருந்தாள். அந்தக் கொப்பிக்குப் புள்ளி போட எங்களுக்குக் கை வரவில்லை. அதுவரைக்கும் அந்தச் சொல்லைச் சோம்பேறிகளின் சாட்டு என்றே நாங்கள் வகுப்பில் திட்டிக்கொண்டிருந்தோம். நடந்ததற்கு அந்தச் சொல்லைச் சொல்வது வேறு, நடக்க இருப்பதற்குச் சொல்வது வேறு என்று அடுத்த பாடத்தில் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

தோணிக்காரப் பிள்ளை எழுதியது மூன்றே வரி. கடைசி வரி ஒரு கேள்வி: "மகன் திரும்பி வந்தத பார்த்து வாப்பா சந்தோசப்பட்டாரா, ஏசினாரா சேர்?" இடைவேளை முழுக்க ஆசிரியர் அறையில் அதைத்தான் பேசினோம். மற்ற நாள் அவனிடமே திருப்பிக் கேட்கலாம் என்று போனால் ஆள் வகுப்பில் இல்லை. இரவு நல்ல மீன்பாடாம்.