மாஸ்கோ தங்கம் மாற்றுக் குறைந்ததா?

1980 ஜூலை 30. விருதுநகரில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலக வாசலில் வெடிச்சத்தம். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். எங்கள் பியூன் சிவகாசிச் சரவெடி ஒன்றைக் கொளுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கித் தங்கம் வென்றிருந்தது. கேப்டன் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன். பியூனோ கோவில்பட்டிக்காரர். ஹாக்கி ஊர்க்காரருக்குக் கேட்கவா வேண்டும்!

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆறே டீம். பாகிஸ்தான் இல்லை, ஆஸ்திரேலியா இல்லை, மேற்கு ஜெர்மனி இல்லை. இதெல்லாம் ஒரு தங்கமா அண்ணாச்சி?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெடிக்காததைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் கணக்கில் தப்பில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் வரவில்லை. 1976-ல் தங்கம் வென்ற நியூசிலாந்தும் இல்லை. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று வென்றதில் பெருமை கிடையாது. ஆனால் போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 டிரா. இறுதி ஆட்டத்தில் 3-0 என்று முந்தியும், ஸ்பெயின் விடாமல் துரத்த, 4-3 என்றுதான் தப்பினோம். சும்மா கிடைத்த தங்கம் அல்ல.

பின்னாளில் படித்த ஒரு சங்கதி என் வாயை அடைத்தது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் ஹாக்கியில் ஆடியவை மூன்றே அணிகள். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று வென்றோம். இரண்டே ஆட்டம், தங்கம். தியான் சந்த் காலத்துத் தங்கம் என்று அதைக் கொண்டாடுகிறோம். மாஸ்கோவுக்கு மட்டும் ஏன் உரைகல்?

உலகிலேயே நாம்தான் சிறந்த அணி என்று மாஸ்கோ நிரூபிக்கவில்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றபோது அது தெரிந்துபோயிற்று. ஆனால் 'யார் சிறந்தவர்' என்பது வேறு கேள்வி. 'யார் வென்றார்' என்பது வேறு. எதிரே நிற்பவனைத்தான் ஆட்டக்காரன் வெல்ல முடியும்.

வராதவன் பக்கமே எப்போதும் தப்பு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதாக என் பள்ளி ஆசிரியர் சொல்லுவார். எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை; வராமல் போனதை முடிவு செய்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லவே. ஆனால் வந்து ஆடியவன் பக்கம் எந்தத் தப்பும் இல்லை.

அடுத்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம், டோக்கியோ வெண்கலம், 2021-ல்தான் வந்தது. 41 வருஷம்! அன்று அண்ணாச்சி நினைவு வந்தது. அவர் இப்போது இல்லை. அந்தச் சரத்தை முழுதாக வெடிக்க விட்டிருக்கலாம்.