புதுக்கோட்டை எல்லையும் துப்பாக்கி உரிமமும்: 1801 முதல் இன்று வரை

ஒரு நாட்டுக்குள்ளேயே ஓர் ஆட்சிப் பகுதியில் வாங்கிய துப்பாக்கியை இன்னோர் ஆட்சிப் பகுதிக்குக் கொண்டு செல்பவர் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி, இன்றைய தமிழ் வாசகருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்கலாகவே தோன்றக்கூடும். ஆனால் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகிய பிரிட்டிஷ் மாவட்டங்களால் சூழப்பட்டிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் எல்லையில் இக்கேள்வி 1948 வரை உயிரோடிருந்தது. தென் தமிழகத்தின் படைக்கல வரலாறு பெரும்பாலும் பாளையக்காரர் போர்களோடு முடித்துக்கொள்ளப்படுவதால், இந்த எல்லை போதிய கவனம் பெறவில்லை.

எல்லையின் இருபுறமும் இருவேறு நிலை உருவானதற்கான தொடக்கத்தை 1801இல் காணலாம். மருது சகோதரர்கள் அவ்வாண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பின், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் டிசம்பர் 1 அன்று வெளியிட்ட பிரகடனம் தென் சீமைகளின் பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்த படைக்கலங்களைப் பறிக்கவும் வழிசெய்தது. அப்பிரகடனத்தின் நோக்கம் கலகத்தை அடக்குவது மட்டுமன்று. ஊர்க் காவலுக்கும் வேட்டைக்கும் கருவி வைத்திருந்த குடியானவரை அரசின் அனுமதியின்றி எதையும் ஏந்த இயலாதவராக்கும் நீண்ட மாற்றத்தின் முதற்படியாகவும் அது அமைந்தது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களோ கர்நாடகப் போர்களிலிருந்தே ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர்களும் அவர்களே. ஆகவே புதுக்கோட்டை நட்பு நாடாக நடத்தப்பட்டது. பாளையங்களில் நடந்தது போன்ற படைக்கலப் பறிப்பு அங்கு நிகழவில்லை.

அந்நாட்டில் படைக்கலம் நிலத்தோடு பிணைந்திருந்தது என்பதையும் இங்கே கருத வேண்டும். போர்ச் சேவைக்கு ஈடாக வழங்கப்பட்ட நிலம் 'அமரம்' எனப்பட்டது; அதைப் பெற்றவர்கள் 'அமரக்காரர்' என அழைக்கப்பட்டனர். இவர்கள் சேர்வைக்காரர் எனப்பட்ட படைத்தலைவர்களின் கீழ் அணிவகுத்து, மன்னர் அழைக்கும்போது கருவியோடு வரக் கடமைப்பட்டவர்கள். போர் நின்ற பின்னும் அமர நிலங்கள் நீடித்தன. சேவை மட்டும் அரண்மனைக் காவல், திருவிழா, ஊர்வலம் எனச் சுருங்கியது. திவான் சேஷையா சாஸ்திரியின் காலத்தில், 1888இல் நடந்த இனாம் தீர்வு, இந்நிலங்களைச் சேவைக் கடமையிலிருந்து விடுவித்துத் தனியுரிமை நிலங்களாக்கியது. வரலாற்றாசிரியர்கள் இதை வரி நிர்வாகச் சீர்திருத்தமாகவே பெரிதும் காண்கின்றனர். ஆயினும் கருவி ஏந்துவது பிறப்பாலும் நிலத்தாலும் வரும் உரிமை என்ற பழைய ஏற்பாடு புதுக்கோட்டையில் சட்டப்படி முடிவுக்கு வந்தது இத்தீர்வினால்தான் என்று கொள்வதற்கு இடமுண்டு.

இதற்குப் பத்தாண்டுகள் முன், லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டமாக இந்தியப் படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. சமஸ்தானங்கள் அதன் வரம்புக்கு வெளியே இருந்தன. துப்பாக்கியும் வெடிமருந்தும் வைத்திருக்க உரிமம் வேண்டுமென்ற 14ஆம் பிரிவே இச்சட்டத்தில் பரவலாக அறியப்பட்டதெனினும், புதுக்கோட்டையைப் பொறுத்தவரை முதன்மையானது 6ஆம் பிரிவாகும். கடல் வழியாக மட்டுமன்றித் தரை வழியாகவும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் படைக்கலம் கொண்டுவருவதும், அங்கிருந்து வெளியே கொண்டு செல்வதும் உரிமமின்றி நடக்கலாகாது என அது விதித்தது. ஆதலால் சட்டத்தின் சொற்படி, திருச்சிராப்பள்ளி வணிகர் ஒருவர் சமஸ்தானத்தின் குளத்தூர் வட்டத்துக்கு அனுப்பும் துப்பாக்கி ஏற்றுமதியாகவும், சமஸ்தானத்தின் திருமயத்திலிருந்து மதுரைச் சீமைக்குள் வரும் துப்பாக்கி இறக்குமதியாகவும் கருதப்படத்தக்கவை. கருவி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி பெற்ற ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக அளவோடு கொண்டு செல்வதற்கு விலக்கு இருந்தது. பீரங்கிக்கு அவ்விலக்கும் இல்லை. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் 'போர்ப் பொருட்கள்' என்ற வகைக்குள் சேர்க்க அரசுக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது.

இத்தகைய எல்லைச் சிக்கலை ஆங்கில அரசு எவ்வாறு கையாண்டது என்பதற்கு உப்பு நல்ல சான்று. சமஸ்தானத்தில் உவர்மண்ணிலிருந்து காய்ச்சிய மலிவான உப்பு பிரிட்டிஷ் மாவட்டங்களின் உப்பு வரியைக் குலைத்ததால், 1887இல் ஓர் உடன்பாட்டின் மூலம் அத்தொழில் நிறுத்தப்பட்டு, ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்கு வழங்கப்பட்டது. படைக்கலத்தில் இவ்வாறு தொகை பேசத் தேவையிருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும், நெடுங்காலம் சமஸ்தானத்துக்கான அரசியல் முகவராகவும் இருந்ததால், எல்லையின் இருபுற அலுவலும் ஒரே அதிகாரியின் பார்வைக்கு வந்தது. சட்டம் இரண்டாகப் பிரித்ததை நிர்வாகம் ஒன்றாகக் கட்டிவைத்தது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

அதே காலத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி எல்லை இவ்வளவு இணக்கமாக இருக்கவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்ற வாஞ்சிநாதன், ஆங்கிலச் சட்டம் எட்டாத புதுச்சேரியில் இருந்த புரட்சியாளர் வ.வே.சு. ஐயரின் தொடர்பைப் பெற்றிருந்தவர். உள்நாட்டில் எவ்வளவு இறுக்கமான சட்டம் இருந்தாலும் அண்டை ஆட்சியின் ஒத்துழைப்பின்றி அது முழுமை பெறாது என்பதை ஆங்கில அரசு அந்நிகழ்வில் உணர்ந்திருக்கும். மறுபுறம், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த, ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமக் கட்டாயமும் என்ற பாகுபாட்டைக் காங்கிரஸ் 1887இல் சென்னையில் கூடிய தன் மூன்றாம் மாநாட்டிலேயே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அது தன்மானம் பற்றிய கோரிக்கை. அதன் நியாயம் இன்றும் மறுக்க இயலாதது.

1948 மார்ச் 3 அன்று ராஜகோபாலத் தொண்டைமானின் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானபோது, தரைவழி ஏற்றுமதி, இறக்குமதி என்ற கருத்தே இங்கு பொருளற்றதாயிற்று. அரசியலமைப்பு, படைக்கலங்களையும் வெடிபொருட்களையும் ஒன்றியப் பட்டியலின் 5ஆம் பதிவில் வைத்தது. அமெரிக்காவில் மாநிலங்கள் தனித்தனிச் சட்டம் இயற்றுவதால், 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி வேற்று மாநிலத்தவர் கைத்துப்பாக்கியைத் தம் சொந்த மாநிலத்து உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே பெற முடிகிறது. இந்தியாவில் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே.

எனினும் எல்லை மறைந்துவிடவில்லை; கருவியிலிருந்து உரிமத்துக்கு இடம்பெயர்ந்தது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமான புதுக்கோட்டையில் வசிப்பவர் விண்ணப்பிக்க வேண்டியது அம்மாவட்டத்தின் உரிம அதிகாரியிடமே. அவ்வுரிமம் எந்தப் பரப்புக்குள் செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்படுகிறது. அப்பரப்புக்கு வெளியே கருவியோடு பயணம் செய்பவர், கருவி சொந்தமாயிருந்தும் உரிமமற்றவர் நிலைக்குத் தள்ளப்படுவார். தனிநபர் ஒருவர் தம் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க விரும்பினால், சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும். 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது.

பிறப்பையும் நிலத்தையும் அடிப்படையாகக் கொண்ட பழைய உரிமை நாட்டில் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. குடகு நாட்டுக் கொடவருக்கும், ஜம்மா என்னும் நில உரிமை பெற்றோருக்கும் ஆங்கிலேயர் காலத்தில் அளிக்கப்பட்ட உரிம விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. புதுக்கோட்டையின் அமரக்காரருக்கு அத்தகைய விலக்கு எதுவும் எஞ்சவில்லை. இன்று அங்கு காவலுக்கோ போட்டிக்கோ துப்பாக்கி நாடும் எவரும், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் துப்பாக்கி சுடுதலின் டிராப் குழுப் பிரிவில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்ற தொண்டைமான் மரபினரான பிருத்விராஜ் உட்பட, அதே 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே.