கோபுரச் சுவரில் மக்கள் பணம்



புரவலன் பொருள் தரக் கலைஞன் படைத்தல் பழைய வழக்கம். குடியாட்சியில் புரவலர் யார்? வரி செலுத்தும் மக்களே. அங்ஙனமாயின், அவர்தம் பொருளால் எழுந்த ஓவியம் யாருக்கு உரியது? அமெரிக்க வரலாற்றின் ஒரு சிறு பகுதி இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

1929 இல் அந்நாட்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, ஆலைத் தொழிலாளரோடு ஓவியரையும் வறுமையில் ஆழ்த்தியது. 1933 மே மாதத்தில் ஜார்ஜ் பிடில் என்னும் ஓவியர், தம் பள்ளித் தோழரும் குடியரசுத் தலைவருமான ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். மெக்சிகோவில் தலைவர் ஒப்ரகோன், இளம் ஓவியர்க்குக் குழாய் வேலை செய்வோரின் கூலியளவே தந்து, அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்ததை அதில் எடுத்துக்காட்டினார்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே பொதுப்பணிக் கலைத்திட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 3,700 கலைஞர் அதில் வாரக்கூலி பெற்றனர். 1934 ஜூனில் திட்டம் முடிவதற்குள் 15,000க்கும் மேற்பட்ட படைப்புகள் உருவாயின. அவர்கள் பெற்றது தருமம் அன்று, உழைப்புக்குரிய ஊதியம்.

சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கோயிட் கோபுரம் இத்திட்டத்தின் சிறந்த சான்றாகும். அதன் உட்சுவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஓவியர் உதவியாளருடன் கூடி, கலிபோர்னிய மக்களின் வாழ்வைத் தீட்டினர். படங்களிற் பெரும்பாலானவை ஈரச் சாந்தின்மீது வரையப்பட்டவை. சாந்து உலருமுன் தீட்டி முடித்தல் வேண்டும். ஆகவே அன்றன்று வரையும் அளவுக்கே கொத்தர் சாந்து பூசுவார். ஒருவர் தாமதித்தால் மற்றவர் உழைப்பும் வீணாகும். கூட்டுறவு அங்கே வெறும் அறவுரையன்று. வேலையின் இயல்பே அதுவாயிற்று.

அவ்வேளையில் அந்நகரத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. 1934 ஜூலையில் போலீஸாரின் துப்பாக்கிக்கு இருவர் இரையாயினர். சுவரோவியம் ஒன்றில் அரிவாளும் சுத்தியலும் இடம்பெற்றிருந்தமை பெரும் பூசலை விளைத்தது. கோபுரம் பூட்டப்பட்டது. அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது அச்சின்னம் அங்கில்லை. ஆயினும், நூலகக் காட்சியொன்றில் கார்ல் மார்க்ஸின் நூலை எட்டி எடுக்கும் மனிதனின் உருவம் அழிக்கப்படாமல் நின்றது, இன்றும் நிற்கின்றது.

பணம் கொடுத்தவர்க்குப் படத்தைத் திருத்தும் உரிமை உண்டா? மக்கள் பணத்தை மக்கள் மனம் நோகச் செலவிடலாகாது என்றனர் ஒரு சாரார். கூலி பெற்றதனால் கலைஞன் தன் கண்ணையும் விற்றுவிடவில்லை என்றனர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் அன்று முடிவு செய்தோர் அதிகாரிகளே. மக்கள் படங்களைக் காணும் முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பிழை அங்கேதான் என்பது என் கருத்து.

1935 இல் தொடங்கிய விரிவான கூட்டரசுக் கலைத்திட்டம், நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கலை நிலையங்களை நிறுவி, 1943 இல் முடிவுற்றது. பின்னர் நியூயார்க்கில் அதன் ஓவியத் துணிகள் பல பழைய சரக்காக எடைக்கு விற்கப்பட்டன! தமக்குரியது என்று மக்கள் அறியாத பொருளின் கதி அதுவே.

கோயிட் கோபுரத்தின் கதை வேறு. ஓவியங்கள் பழுதுற்றபோது, அவற்றைப் பேண வேண்டுமென 2012 இல் நகர மக்களே வாக்களித்தனர். 2014 இல் அவை செப்பனிடப்பட்டன. படம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு அவ்வாக்கே விடையன்றோ? அரசாங்கம் பொருள் தரலாம், கலைஞர் தீட்டலாம், காப்பவர் மக்களே. உங்கள் ஊர்ப் பொதுச்சுவர் ஒன்றைக் காணும்போது, இளைஞர்களே, இதனை எண்ணிப் பாருங்கள்.