முத்திரையும் காலமும்: ஜோசப் ராட்ஜர்ஸ் மடக்குக்கத்திகளை இனங்காணலும் மதிப்பிடலும்

முன்னுரை

இறகு எழுதுகோலின் முனையைச் சீவப் பயன்பட்டதால் பேனாக்கத்தி எனப் பெயர்பெற்ற சிறு கத்தி, மடக்குக்கத்தியாக வளர்ச்சியுற்ற மையங்களுள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் தலையாயது. அந்நகரில் புகழ்பெற்று விளங்கிய நிறுவனம் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்டு சன்ஸ். 1971இல் அது ஜார்ஜ் வொஸ்டன்ஹோம் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதன்பின் நெடுங்காலம் தனித்து நீடிக்கவில்லை. எனினும் அதன் பெயரும், விண்மீனும் மால்டா சிலுவையும் கொண்ட முத்திரையும் கைமாறிப் பிற்காலக் கத்திகளிலும் இடம்பெற்றன. எனவே முத்திரையை மட்டும் கொண்டு ஒரு கத்தியின் காலத்தை முடிவுசெய்தல் பொருந்தாது. முத்திரையைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே காலமும் மதிப்பும் வரையறுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காலக்கணிப்புச் சான்றுகள்

1820களின் தொடக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரின் அரச நியமனத்தைப் பெற்ற இந்நிறுவனம், அலகு கைப்பிடியோடு சேருமிடத்தில் மகுடத்தையும் ஆட்சியாளரின் பெயரெழுத்துகளையும் பொறித்தது. ‘வி.ஆர்.’ என்பது விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தை (1837–1901) சுட்டும். இவ்வெழுத்துகள் காலத்தின் தொடக்க எல்லையைத் தருகின்றன. முடிவு எல்லையை அத்துணை உறுதியாகத் தருவதில்லை. முன்பே பொறித்து வைத்த அலகுகள் ஆட்சி மாறிய பின்னும் கத்தியில் பொருத்தப்படக்கூடும்.

‘ஜி.ஆர்.’ என்னும் எழுத்துகள் மேலும் சிக்கலானவை. ஆட்சி எண் இல்லாதவிடத்து அவை நான்காம் ஜார்ஜையோ (1820–1830) ஐந்தாம் ஜார்ஜையோ (1910–1936) குறிக்கலாம். இங்கு நாட்டுப்பெயர் துணைபுரிகிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஆகவே ‘ஜி.ஆர்.’ என்பதோடு ‘இங்கிலாந்து’ என்னும் சொல்லும் காணப்படின், பிற்காலமே பொருந்தும். சொல் இல்லாமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது. அச்சட்டம் அமெரிக்கச் சந்தைக்கே உரியது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல் என்பதால், அவ்வகை அலகுடைய கத்தி அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

மதிப்பைத் தீர்மானிப்பன

பலமுறை தீட்டப்பட்ட அலகு அகலம் குறைந்து தன் வடிவை இழக்கிறது. மாற்றப்பட்ட அலகு, தளர்ந்த வில், வெடித்த கைப்பிடி ஆகியவையும் மதிப்பைக் குறைக்கின்றன. மிகைமெருகேற்றல் இவற்றினும் கேடானது. அது துருவோடு எழுத்துகளையும் தேய்ப்பதால், கத்தியின் காலத்தை உரைக்கும் சான்றே அழிகிறது.

கைப்பிடிப் பொருளின் மதிப்பும் நிலையானதன்று. ராட்ஜர்ஸ் கத்திகளுக்குப் பெருமை சேர்த்த யானைத்தந்தம் இன்று சட்டத் தடைக்குட்பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சில விலக்குகள் தவிரத் தந்தப்பொருள் வணிகத்தை அது தடைசெய்கிறது. இந்தியாவிலும் தந்த வணிகத்திற்குத் தடை உண்டு. விற்க இயலாத தந்தப்பிடிக் கத்தியும் தொழில்வரலாற்று ஆவணமாக முழு மதிப்புடையதே. விற்பனைக்காகப் பிடியை மாற்றுதல் அந்த ஆவணத்தைச் சிதைப்பதாகும்.

முடிவுரை

முத்திரை, பெயரெழுத்து, நாட்டுப்பெயர், எஃகு, கைப்பிடி ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று உறுதிசெய்யும்போதே கத்தியின் காலம் நிலைபெறுகிறது. ஒன்று முரண்படின், அக்கத்தி பிற்காலத்ததா பழுதுபார்க்கப்பட்டதா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காணாமல் விலையை வரையறுத்தல் முறையாகாது. விடை காண்பதற்கோ, கத்தி மெருகேற்றப்படாமல் கிடைத்த நிலையிலேயே பேணப்பட வேண்டும்.