ஊத்தங்கரை ஒன்றியமும் நம் மஹல்லாக்களும்

ஊத்தங்கரை ஊராட்சி ஒன்றியத்தில் சிங்காரப்பேட்டை, கல்லாவி உட்பட 34 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஊத்தங்கரை நகரம் தனி உள்ளாட்சி; இந்தக் கணக்கில் வராது.

இங்கிலாந்தில் கிராம ஊராட்சிக்குப் பெயரே 'பாரிஷ்'. தேவாலயத்தின் எல்லையே பிற்பாடு உள்ளாட்சி எல்லையானது. இங்கே மஹல்லா வேறு, ஊராட்சி வேறு. ஒரே ஜமாஅத்துக்குச் சந்தா கட்டுவோர் இரண்டு ஊராட்சிகளில் குடியிருக்கலாம். இது தெரியாமல் அலைவோர் பலர்.

தெருவிளக்கு, வடிகால், ஊர்ச்சாலை ஆகியவை 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பு. கப்ருஸ்தான் பாதை கேட்பதானால், பாதை எந்த ஊராட்சியில் கிடக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர்களே அதன் கிராம சபை உறுப்பினர்கள். ஆகவே அங்கே வாக்குள்ள நம்மவர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களுக்கு மனுவோடு போகட்டும். ஜமாஅத் லெட்டர்பேடு மட்டும் போதாது.